வாய்தா போடும் கலை

சிவில் நீதிபதி தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளே, பயிற்சி மையத்தில் உங்களுக்குச் சட்டம் சொல்லித் தருவார்கள். அதை அடித்துத் திருத்தாமலே செல்லாக்காசாக்கும் வித்தையை நான் சொல்லித் தருகிறேன். கட்டணம் கிடையாது.

முதலில் அரசியல் சட்டம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 22வது பிரிவு. 2020 ஜூன் 19 மாலை சாத்தான்குளத்தில் ஒரு தகப்பனையும் மகனையும் போலீஸ் பிடித்துவைத்தது. இரவெல்லாம் அடித்ததாகச் சொல்கிறது சிபிஐ குற்றப்பத்திரிகை. மறுநாள், கெடு முடியும் முன்பே ஆஜர்! சட்டத்தின்மேல் ஒரு கீறல் இல்லை. கீறலெல்லாம் அவர்கள் உடம்பில். ரிமாண்ட் உத்தரவு வந்தது. கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன இருவரும் சில நாள்களில் பிணமானார்கள். நேரம் பார்க்கச் சொன்ன பிரிவு, எதிரில் நிற்பவனை ஏறிட்டுப் பார்க்கவும் சொல்லியிருக்கக் கூடாதா?

அடுத்து குற்றவியல். ஜாமீன்தான் விதி, சிறை விதிவிலக்கு என்றார் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர், 1977இல். தேர்வில் அப்படியே எழுதுங்கள். 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்போரில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்பதை மட்டும் எழுதிவிடாதீர்கள், மதிப்பெண் குறையும். திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, வயது 83, பார்க்கின்சன் நோயால் கை நடுங்குகிறவர், விசாரணைக் கைதியாகச் சிறையில் இருந்தபடி, தண்ணீர் குடிக்க ஒரு ஸ்ட்ரா கேட்டு மும்பை நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார். பதில் சொல்ல 20 நாள் வேண்டும் என்றது தேசியப் புலனாய்வு முகமையான என்ஐஏ. கிடைத்தது! ஸ்ட்ராவையும் உறிஞ்சு குவளையையும் நாங்கள் எடுக்கவேயில்லை என்று அது சொன்னதும், மனு தள்ளுபடி. அன்று 2020 நவம்பர் 26, அரசியல் சட்ட நாள். மறு ஆண்டு ஜூலையில், ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே, அவர் செத்துப்போனார். நாட்டின் பாதுகாப்புக்குக் குந்தகம் வராமல் காத்தாயிற்று.

கடைசியாக உரிமையியல். விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17வது கட்டளை. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், தவிர்க்கவே முடியாத நிலையில் மட்டும் தளர்த்தலாம் என்றது. நம் ஊரில் வக்கீலின் ஜலதோஷமும் தவிர்க்க முடியாததுதானே? தாத்தா போட்ட பாகப்பிரிவினை வழக்கில் பேரனுக்குத் தீர்ப்பு வரும். வந்தால் மட்டும் நிலம் கைக்கு வந்துவிடுமா? டிக்ரி வாங்கிய பிறகுதான் வழக்காடியின் கஷ்டம் தொடங்குகிறது என்று பிரிவி கவுன்சில் 1872லேயே சொல்லிவிட்டது. அதை இன்றுவரை பொய்யாக்காமல் காப்பாற்றி வருகிறோம்.

போதும், நையாண்டி. அதே சாத்தான்குளம் வழக்கில் உயர் நீதிமன்றம் அனுப்பிய கோவில்பட்டி மாஜிஸ்திரேட் ஒருவர் காவல் நிலையத்துக்குள் போனார். போலீஸ்காரர்களின் வசவை நேருக்கு நேர் வாங்கிக்கொண்டு, பயந்து நடுங்கிய பெண் காவலரின் வாக்குமூலத்தைப் பதிவு செய்து, நடந்ததை அறிக்கையாக எழுதினார். அவர் படித்ததும் இதே புத்தகங்கள்தான். ஆகவே, சட்டத்தில் இடமில்லை என்று நாளைக்கு நீங்கள் கையை விரித்தால், அதை நாங்கள் நம்பப்போவதில்லை.