கடல்கட்டிகள் வருகிறார்கள், கையெழுத்துப் போடுங்கள்

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தத் தூத்துக்குடிக் கரைப்பக்கம் வந்துபோன மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பின் வரவு செலவை ஒரு கணக்குப்பிள்ளையின் அக்கறையோடு எழுதி வைத்திருக்கிறார். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு, பெரிய மீன்கள் குளியாட்களைக் கடிக்காதபடி மந்திரம் போட்டுக் கட்டி வைப்பவருக்கு. அந்த மந்திரம் அன்றைய பகலுக்கு மட்டும்தான் செல்லும். பொழுது சாய்ந்ததும் போட்டவரே அவிழ்த்துவிடுவார், அதன்பின் மீன்கள் தம் இஷ்டப்படி மேயலாம் என்றும் சொல்கிறார்.

நம் பக்கத்தில் இந்த ஆளுக்குக் கடல்கட்டி என்று பெயர். வெள்ளைக்காரன் ஆட்சியிலும் தூத்துக்குடி முத்துக்குளிப்பில் கடல்கட்டி இருந்தார். துரைமாருக்கு மந்திரத்தில் நம்பிக்கை வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கடல்கட்டி கரையில் நிற்காவிட்டால் குளியாள் தண்ணீரில் இறங்கமாட்டான். அவன் இறங்காவிட்டால் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு வந்து சேராது. ஆகவே கடல்கட்டிக்குக் கூலி கொடுப்பது சிக்கனமான நிர்வாகம். குளியாளுக்கு மூன்றில் ஒன்று. காது, மூச்சு, உயிர் எல்லாம் அதற்குள் அடக்கம்.

1961-க்குப் பிறகு இங்கே அப்படி ஒரு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடல்கட்டியின் தொழிலும் அதோடு போய்விட்டது என்று நினைப்பவர்கள், ஏதாவது ஒரு கல்லூரி செமினார் ஹாலுக்கு ஒரு தடவை போய்வர வேண்டும். தொழில் அமோகமாக நடக்கிறது. இப்போது அவரை ரிசோர்ஸ் பெர்சன் என்கிறார்கள்.

எந்த ஊர்க் கல்லூரியானாலும் காட்சி ஒன்றுதான். வாசலில் ஃப்ளெக்ஸ்: ‘ஆசிரியர் பணிசார் மேம்பாடும் மனநலமும் – ஐந்து நாள் பயிற்சி முகாம்’. ஃப்ளெக்ஸில் தாளாளர் படம் பெரிது, முதல்வர் படம் நடுத்தரம், மனநலம் என்ற எழுத்து பொடி. உள்ளே நுழைந்ததும் ஒரு ஃபைல், ஒரு பேனா. குத்துவிளக்கு ஏற்ற ஐந்து பேர் ஒரே மெழுகுவர்த்தியைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். திரி அணையக் கூடாதென்று ஃபேன் நிறுத்தப்படுகிறது. தூத்துக்குடிப் புழுக்கம் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. விளக்கு ஏற்றி, தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து, வரவேற்புரைக்கு ஒருவர், சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்ய ஒருவர், பொன்னாடை போர்த்த இருவர். அந்த வெக்கையில் பொன்னாடை போர்த்திக்கொண்டு சிரிக்கிற மனிதரைப் பார்த்தாலே மன உறுதிக்கு ஒரு பாடம் முடிந்துவிடும். கையில் ஒரு பெட்டி மக்ரூனும் கொடுத்தாயிற்று.

அப்புறம் அவர் மைக்கைப் பிடிக்கிறார். “மன அழுத்தம் வெளியே இல்லை, உங்களுக்குள்ளே இருக்கிறது.” கைதட்டல். ஆளுக்கொரு பலூன் வருகிறது. பிரச்சினையை அதில் எழுதி ஊதி உடைக்க வேண்டுமாம். பின்வரிசையில் ஒரு விரிவுரையாளர் ‘இ.எம்.ஐ.’ என்று எழுதி உடைக்கிறார். பட்டென்று வெடிக்கிறது. ஐந்தாம் தேதி வங்கியிலிருந்து போன் வருவது மட்டும் நிற்பதில்லை.

அடுத்து மூச்சுப் பயிற்சி. மூச்சை உள்ளே இழுங்கள், பிடியுங்கள், பிடியுங்கள், மெள்ள விடுங்கள். இந்த ஊரில் வந்து மூச்சடக்கச் சொல்லித் தருகிறார், பாருங்கள்! சிப்பிப் பாரில் இறங்கிய குளியாள் ஒரு நிமிஷம் சொச்சம் மூச்சைப் பிடிப்பான். முடியாதபோது கயிற்றை இழுப்பான். மேலே வள்ளத்தில் கயிற்றைப் பிடித்திருப்பவன் தூக்கிவிடுவான். அந்த ஏற்பாட்டில் முக்கியமானது கயிறு, அதைவிட முக்கியமானது மேலே பிடித்திருக்கிற ஆள். நம் அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்கள் கயிற்றை இழுத்து வருஷக்கணக்காகிறது. மேலே பிடித்திருந்தவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். போகிற போக்கில், ‘நன்றாக மூச்சை அடக்கக் கற்றுக்கொள்’ என்று ஒரு ரிசோர்ஸ் பெர்சனை அனுப்பி வைத்திருக்கிறார்.

முகாமின் உச்சக்கட்டம் படம் எடுப்பதுதான். சாதாரணப் படம் போதாது. அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் அடியில் விழ வேண்டும். பேனர் முழுசாகத் தெரிய வேண்டும். “மேடம், கொஞ்சம் சிரிங்க. ஐ.க்யூ.ஏ.சி.-க்கு அனுப்பணும்.” கல்லூரியின் உள்தர உறுதிக் குழுவுக்கு அப்படிப் பெயர். கடைசியில் கூகுள் ஃபார்ம். ஐந்து நட்சத்திரம் போட்டால்தான் சான்றிதழ் மெயிலில் வரும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லோரும் ஐந்தே போடுகிறார்கள்.

ஏன் இத்தனை பாடு? கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் அமைப்பின் மதிப்பீட்டுக் கையேட்டில் 6.3 என்று ஒரு பிரிவு உண்டு. ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் நலத்திட்டங்கள் உண்டா, எத்தனை பேர் பயிற்சிக்குப் போனார்கள் என்று அதில் கேள்வி. நலம் இருக்கிறதா என்று கேட்கிற இடமில்லை அது; நலத்துக்கு ஆவணம் இருக்கிறதா என்று கேட்கிற இடம். ஆவணத்தைச் சரிபார்க்க வருகிறவர்களின் லட்சணத்தையும் நாடு பார்த்தது. 2025 பிப்ரவரியில், ஆந்திரத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த தரம் போட லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் சி.பி.ஐ. கைது செய்தது. அவர்களுக்கும் யாராவது நெறிசார் மேம்பாட்டில் ஐந்து நாள் முகாம் நடத்தி, ஐந்து நட்சத்திரம் வாங்கியிருப்பார்கள்.

நியாயமாகச் சொன்னால் தொடக்கம் இப்படி இல்லை. 1986 கல்விக் கொள்கையை ஒட்டி 1987 முதல் பல்கலைக்கழகங்களில் கல்லூரி ஆசிரியர்களுக்கான அகடமிக் ஸ்டாஃப் காலேஜ்கள் வந்தன. ஊர் ஊராக இருந்து வந்து விடுதியில் தங்கிய பேராசிரியர்கள், காலையில் வகுப்பும் ராத்திரியில் சண்டையுமாக, படிக்காமல் விட்ட புத்தகங்களைத் தெரிந்துகொண்டு திரும்பினார்கள். பிறகு அதை மனிதவள மேம்பாட்டு மையம் என்றார்கள். 2023 செப்டம்பரில் மாளவியா மிஷன் என்று மறுபடி பெயர் வைத்தார்கள். இப்போது தேசியக் கல்விக் கொள்கையைப் பற்றி எட்டு நாள் ஆன்லைன் வகுப்பு. கேமராவை அணைத்துவிட்டு இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டே நாட்டின் கல்வித் தொலைநோக்கைக் கேட்கலாம். பதவி உயர்வுக்கு இந்தச் சான்றிதழ்கள் வேண்டும், அதனால் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். பதவியே இல்லாதவருக்கு ஏது உயர்வு? அவரும்தான் உட்கார்ந்திருக்கிறார். தலை எண்ணிக்கைக்கு ஆள் வேண்டுமே.

கடல்கட்டி கட்டிவைக்க வேண்டிய சுறாக்களைப் பற்றிப் பேசுவோம். அதைத்தான் முகாமில் யாரும் பேசுவதில்லை.

நிரந்தர உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி. அதே முனைவர் பட்டத்தோடும் அதே நெட், செட் தகுதியோடும் அதே கரும்பலகை முன்னால் நிற்கிற கௌரவ விரிவுரையாளருக்கு இருபதாயிரத்தில் கிடந்து, பிறகு 25,000-க்கு ஏறிய தொகுப்பூதியம். இப்படித் தமிழக அரசுக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம் மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று யு.ஜி.சி. சொன்னது 2019 ஜனவரியில். அந்த ஐம்பதாயிரத்தைக் கொடு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2024-இல். யு.ஜி.சி. சொன்னதில், கல்லூரிகளில் செல்ஃபி பாயின்ட் வைக்கச் சொன்ன கடிதம் பல இடங்களில் மின்னலாக நிறைவேறியது. ஐம்பதாயிரம் மட்டும் அந்த வேகத்தில் வரவில்லை.

குஜராத்தில் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு 30,000 கொடுக்கிறார்கள் என்று தெரிந்து உச்ச நீதிமன்றமே 2025 ஆகஸ்டில் கொதித்தது. விழா மேடைகளில் குருவே பிரம்மா, குருவே விஷ்ணு என்று ஸ்லோகம் சொன்னால் போதாது, நடத்துகிற விதத்தில் அது தெரிய வேண்டும் என்று நீதிபதிகள் எழுதினார்கள். முப்பதாயிரத்துக்கே அந்தக் கோபம். அவர்கள் நம் சம்பளப் பட்டியலைப் பார்க்காதது அவர்களின் ரத்த அழுத்தத்துக்கு நல்லது.

மே மாதம் என்று ஒன்று இருக்கிறது. ஆண்டுக்குப் பதினொரு மாதம்தான் ஊதியம். மே மாதம் கௌரவ விரிவுரையாளருக்குப் பசிக்காது என்று அரசு கண்டுபிடித்திருக்கிறது. அதே மே மாதத்தில் இந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளைக்கு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். மழைக்காலத்தில் உப்பளம் மூழ்கி வேலையில்லாதபோது உப்பளத் தொழிலாளிக்கு 5,000. இரண்டும் போதாத தொகை. இரண்டும் அந்த மக்கள் கேட்டு, கத்தி, போராடி வாங்கியவை. வாழ நான்கு காசு வேண்டும் என்பதை அரசு அங்கேயாவது ஒப்புக்கொண்டிருக்கிறது. மீனவர் மகனும் உப்பளத் தொழிலாளி மகளும் வட்டிக்கு வாங்கிப் படித்து, டாக்டர் பட்டத்தோடு கல்லூரிக்குள் நுழைந்ததும் அந்த நிவாரணமும் போயிற்று. “மீன் இனப்பெருக்கத்துக்கு ரெண்டு மாசம் குடுக்காவ சார், நமக்கு அதுவும் இல்ல” என்று ஒருவர் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், நேர்மறைச் சிந்தனை முகாமில் பழக்கியது போலும்.

நிரந்தரப் பணிக்கு என்ன ஆயிற்று? 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் என்று அறிவிப்பு வந்தது. ஆகஸ்ட் 4-இல் தேர்வு என்றார்கள். விண்ணப்பித்து, பணம் கட்டி, வகுப்பு முடித்த ராத்திரிகளில் படித்தார்கள். தேர்வு தள்ளிப்போனது. தள்ளிப்போவதைத் தாங்குவது எப்படி என்று ஒரு முகாம் நடத்தலாம்.

சுயநிதிக் கல்லூரிகளைத் தொடவே பயமாயிருக்கிறது. அசல் சான்றிதழை நிர்வாகத்தின் பீரோவில் அடகு வைத்துவிட்டு வேலைக்குச் சேர்வதும், சேர்க்கைக் காலத்தில் வெயிலில் வீடு வீடாகப் பிள்ளை பிடிக்கப் போவதும் அங்கே ‘பணிசார் மேம்பாடு’. இதிலும் சிலர் கரைகண்டிருக்கிறார்கள். 224 பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் 353 ஆசிரியர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரியில் ஒரே நேரத்தில் முழுநேரம் வேலை பார்ப்பதாக ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் 2024 ஜூலையில் வெளியிட்டது. நேர மேலாண்மைக்கு அந்த மகான்களை அல்லவா ரிசோர்ஸ் பெர்சனாகக் கூப்பிட வேண்டும்? பல்கலைக்கழகங்களே மாதச் சம்பளத்துக்குத் தடுமாறுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024-இல் வருமான வரித்துறை முடக்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் கேட்டு, வயசானவர்கள் வெயிலில் உட்கார்ந்தார்கள்.

கடல்கட்டி வித்தை பலிக்கிறதா என்று வெளிநாட்டில் ஒருவர் கணக்குப் பார்த்தார். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களில் 46,336 ஊழியர்களின் பதில்களை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டார். தியானச் செயலி, மனத்திட்பப் பயிற்சி, மன அழுத்த மேலாண்மை வகுப்பு ஆகியவற்றுக்குப் போனவர்கள், போகாதவர்களைவிடத் துளியும் கூடுதல் நலமாக இல்லை. தொண்டு வேலைக்குப் போனவர்கள் மட்டும் கொஞ்சம் தேவலை. சம்பளத்தையும் வேலைப் பளுவையும் தொடாமல் ஆளைச் சரிசெய்ய முடியாது என்று அவர் ஆராய்ந்து சொன்னதை நம் ஊர் டீக்கடையில் சும்மாவே சொல்வார்கள்.

மார்க்கோ போலோவின் கடல்கட்டியிடம் ஒரு நேர்மை இருந்தது. அவர் சுறாவின் ஆள் இல்லை. இப்போது மந்திரக்காரருக்குக் கூலி கொடுப்பதே சுறாதான். சம்பளத்தை நிறுத்தி வைப்பவர், மே மாதத்தை வெட்டுபவர், பீரோச் சாவியை இடுப்பில் வைத்திருப்பவர்: அவர்தான் ‘மன அமைதி’ முகாமைக் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைக்கிறார். கடித்த வாயாலேயே, ‘கடிபடும்போது ஆழமாக மூச்சு விடுங்கள்’ என்கிறார்.

இந்த ஊருக்கு வேறு மாதிரி நலவாழ்வு முகாமும் தெரியும். 1908 பிப்ரவரி 27-இல் ஹார்வி கம்பெனியின் கோரல் மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள். ஊர் சேர்ந்துகொண்டது. மார்ச் முதல் வாரம் முடிகிறபோது கம்பெனி இறங்கிவந்தது. கூலி கூடியது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. பலூன் எதுவும் உடைக்கவில்லை. அடுத்த வாரமே வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். துறைமுகத்துக்கு இப்போது அவர் பெயர். கல்லூரிக்கும் அவர் பெயர். உயிரோடு இருந்தால் பொன்னாடை போர்த்தி, ‘வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை’ என்று நாற்பது நிமிஷம் பேசவிட்டு, மக்ரூன் பெட்டியோடு வழியனுப்பியிருப்பார்கள்.

கௌரவ விரிவுரையாளர்கள் போராடினாலும் ஒன்று நிச்சயம் நடக்கிறது: போலீஸ் வேனில் ஏற்றி ஏதாவது கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் வரை உட்கார வைக்கிறார்கள். பயிற்சி முகாம் என்று சொல்லத்தக்கது அதுதான். பதிவுக் கட்டணம் கிடையாது, மத்தியானம் சாம்பார் சாதப் பொட்டலம் உண்டு, ஃபேன் ஓடும். பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர் இரண்டு வருஷம் பார்த்தவரிடம் தன் சம்பளத்தை முதல்முறையாக வாய்விட்டுச் சொல்கிறார். எந்தக் கல்லூரியில் எந்த மாதம் பாக்கி, யாருக்கு பி.எஃப். பிடிக்கவில்லை, அடுத்து யார் கோர்ட்டுக்குப் போவது, வக்கீல் ஃபீஸுக்குத் தலைக்கு எவ்வளவு எல்லாம் அங்கே தெளிவாகிறது. ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து பெயரெழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுகிறார். சான்றிதழ் எதுவும் தருவதில்லை. ஆனால் அந்த வருகைப்பதிவில் யாரும் பொய்க் கையெழுத்துப் போடுவதில்லை.