காதர்பேட்டையில் பல்துறை ஆய்வு செய்வது எப்படி?

முதலில் பேனர். ஆய்வுப்பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆறு துறைகள் சேர்ந்து நடத்தும் நிலைத்தன்மை ஆய்வு என்றால் ஆறு துறைத்தலைவர்களின் படமும் ஒரே அளவில் வர வேண்டும். யார் படம் துணைவேந்தருக்குப் பக்கத்தில் என்று முடிவாக இரண்டு மாதம் பிடிக்கும். பல்துறை ஒத்துழைப்பில் கடினமான கட்டம் இதுதான், தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். தலைப்பில் ஒரு முக்காற்புள்ளி கட்டாயம். அதற்கு முன்னால் அழகாக ஏதாவது, பின்னால் யாருக்கும் புரியாததாக ஏதாவது.

களமாகத் திருப்பூரைப் பிடித்ததற்குப் பாராட்டுகள். ரயிலை விட்டு இறங்கினால் நடக்கும் தூரத்தில் காதர்பேட்டை. பல்கலைக்கழகக் காரில் வந்துவிடாதீர்கள். பண்டல் ஏற்றும் குட்டியானைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் அன்றைய களப்பணி காருக்குள்ளேயே முடிந்துவிடும். கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் மொத்தமாக எடுக்க வந்தவர்களுக்கு வழிவிட்டு, ஏதாவது ஒரு பனியன் கடையில் ஏறி, "நிலைத்தன்மை பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேளுங்கள். கடைக்காரர் கொஞ்சம் யோசிப்பார்.

"எத்தன வாஷ் தாங்கும்னு கேக்கறீங்ளா?"

இதைக் குறிப்பேட்டில் "விழிப்புணர்வு குறைவு" என்று எழுதிக்கொள்ளுங்கள். நிலைத்தன்மை என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் நம் கருத்தரங்க மலரில் இல்லையே என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்கும். அடக்கிவிடுங்கள்.

அடுத்து பாகப்பிரிவினை. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, திருப்பூரைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும்வரை ஒரே ஆறாக ஓடுகிறது. ஆய்வுக்கு இது தோதுப்படாது. எனவே தண்ணீர் வேதியியலுக்கு, ஒரத்துப்பாளையம் அணைப்பக்கத்து மண் வேளாண்மைக்கு, சாயக்கழிவால் தென்னை காய்ந்த நஷ்டம் பொருளியலுக்கு, வழக்குக்கட்டு சட்டத்துக்கு, ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் சமூகவியலுக்கு. காதர்பேட்டை மேலாண்மைத் துறைக்கு. அங்கே டீ நன்றாக இருக்கும். ஒருவர் பாகத்தில் இன்னொருவர் கால் வைக்கக் கூடாது. கடைசியில் ஆறு அறிக்கைகளையும் சேர்த்து ஸ்பைரல் பைண்டிங் போட்டால் பல்துறை ஆய்வு தயார். ஆறு பேர் எழுதியதையும் ஒன்றாகக் கையில் வைத்துப் பார்த்த ஒரே மனிதர் அந்த பைண்டிங் கடைக்காரராகத்தான் இருப்பார்.

இந்த ஏற்பாட்டுக்கு ஓர் இடைஞ்சல் உண்டு. உப்பு.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயம் துணியில் பிடித்துக்கொள்ளும், உப்பு பிடிக்காது. போட்ட அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் வரை போடுவார்கள். கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று சிக்கனமாக ஓட்டினாலும், ஒரு கிலோ கருப்புத் துணிக்கு அரைக் கிலோவுக்கு மேல் உப்பு ஆகிறது. பழைய வின்ச் தொட்டிகளில் தண்ணீரும் அதிகம், உப்பும் அதிகம். கழிவின் நிறத்தைப் போக்கிவிடலாம், கரைந்த உப்பு அவ்வளவு லேசில் பிரியாது. கண்ணுக்குத் தெளிவாகவும் நாக்குக்குக் கடலாகவும் இருந்த தண்ணீர் ஆற்றில் இறங்கியது அப்படித்தான். பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. அணையைத் திறக்கச் சொல்லி மறியல் செய்யும் விவசாயிகளைத் தமிழ்நாடு நிறையப் பார்த்திருக்கிறது. இங்கே ஆயக்கட்டுக்காரர்களே அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்றார்கள்.

சரி, உப்பு எந்தத் துறைக்கு? வேதியியல்காரர் அளந்து பார்த்துவிட்டு வேளாண்மைக்கு அனுப்புவார். வேளாண்மை பயிர் நஷ்டம் என்று பொருளியலுக்குத் தள்ளும். பொருளியல் இழப்பீடு என்று சட்டத்துக்கு. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குத் தள்ளுவது இந்த ஆற்றுக்குப் பழகிப்போன முறைதான்.

ஓர் எச்சரிக்கை. உங்களுக்கு முன் வந்தவர்கள் எழுதியதைப் படித்துவிடாதீர்கள். சாயக்கழிவால் விவசாயத்துக்கும் மீன்வளத்துக்கும் குடிநீருக்கும் நேர்ந்த இழப்பைப் பிரகாஷ் நெல்லியாட் ரூபாயில் கணக்குப் போட்டிருக்கிறார். தோட்டத்தில் உழைத்த கவுண்டர்கள் கம்பெனி முதலாளிகளான கதையை ஷரத் சாரி 2004இல் தடித்த புத்தகமாகவே போட்டுவிட்டார். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் டி நேவும் கார்ஸ்வெல்லும் வருஷக்கணக்கில் வந்துபோய், பனியன் கம்பெனித் தொழிலாளர்களைப் பற்றியும் சுற்றுவட்டக் கிராமங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் வாசித்தால் உங்கள் திட்ட வரைவில் "ஆய்வு இடைவெளி" என்ற பத்தி ஆவியாகிவிடும். அந்தப் பத்தி போனால் நிதியும் போகும்.

துறைகள் நிஜமாகவே ஒரே மேஜையில் உட்கார்ந்த இடமும் ஒன்று உண்டு. ஆனால் அது பல்கலைக்கழகத்தில் இல்லை. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் வைத்து நீதிமன்றத்துக்குப் போனார்கள். மண் கெட்டதா, கிணறு கெட்டதா, எத்தனை ஏக்கர், எவ்வளவு நஷ்டம் என்று எல்லா சாஸ்திரத்தையும் ஒன்றாக விசாரிக்க வேண்டியதாயிற்று. சூழலியல் இழப்புகளுக்கான ஆணையம் 2004இல் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 8,700 ரூபாய்கூட வராது. பொருளியல் மாணவர்கள் இந்த வகுத்தலைச் செய்ய வேண்டாம், மனது கெட்டுப்போகும். பிறகு 2011 ஜனவரி 28இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. 700க்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணி வெளியூர்களுக்குப் போய்ச் சாயமேறி வந்தது. நம் நாட்டில் துறைகளைச் சேர்த்து உட்காரவைக்கும் வேலையைத் துணைவேந்தர்களைவிட நீதிபதிகளே அதிகம் செய்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். கல்லூரிதோறும் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயமானதுகூட எம்.சி. மேத்தா வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால்தானே!

அந்த அடிக்குப் பிறகு திருப்பூர் ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு வந்தது. சவ்வு வைத்து வடிக்கிறார்கள், மிஞ்சியதைக் காய்ச்சுகிறார்கள். தண்ணீர் திரும்பவும் தொட்டிக்கு, பிரித்தெடுத்த உப்பும் திரும்பவும் தொட்டிக்கு. பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் காய்ச்சுவதற்கு பாய்லர் எரிய வேண்டும், மோட்டார் ஓட வேண்டும், எதற்கும் உதவாத கலப்பு உப்பை எங்காவது அடுக்கி வைக்க வேண்டும். ஆற்றைக் காப்பாற்றிய கணக்கும் விறகு எரித்த கணக்கும் ஒரே தாளில் வர வேண்டும். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். முன்னது நீர் மேலாண்மைத் துறை, பின்னது ஆற்றல் துறை; இரண்டும் வேறு வேறு கட்டடம்.

கற்பித்தலுக்கு வருவோம். மாணவர்களைப் பஸ்ஸில் கூட்டிவாருங்கள். சுத்திகரிப்பு நிலையத்து வாசலில் ஒரு போட்டோ, ஆற்றுப் பாலத்தில் ஒரு போட்டோ. "சுழற்சிப் பொருளாதாரம்" என்ற பாடத்துக்கு நெதர்லாந்துக்காரர் ஒருவரை இணையவழியில் பேசவையுங்கள். அவர் பேசும் நேரத்தில், பக்கத்துச் சந்தில் இருக்கும் வேஸ்ட் குடோனுக்குள் யாரும் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். அங்கே கட்டிங் வேஸ்ட் மலையாகக் குவிந்திருக்கும். பெண்கள் தரையில் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருப்பார்கள், நீலத்தில் மட்டும் நாலைந்து வகை. அப்படிப் பிரித்தது ஓப்பன் எண்ட் மில்லுக்குப் போய்த் திரும்ப நூலாகும். நிறம் ஏற்கெனவே இருப்பதால் மறுபடி சாயத்தொட்டி வேண்டாம், உப்பும் வேண்டாம். உங்கள் முன்மொழிவின் கடைசிப் பக்கத்தில் "எதிர்பார்க்கப்படும் விளைவு" என்று எழுதியிருக்கிறீர்களே, அது இங்கே கிலோ கணக்கில் விலைபோகிறது. அந்தப் பெண்கள் கூலி எவ்வளவு, பஞ்சுத்தூசியில் மூச்சு எப்படி என்று ஒரு மாணவி கேட்டுவிட்டால் ஆய்வு ஆபத்தான திசையில் திரும்பும். கேட்பவளுக்கு இன்டர்னல் மார்க்கில் கைவையுங்கள்.

காதர்பேட்டை மட்டும் என்னவாம்? ஏற்றுமதியில் கழித்த செகண்ட்ஸ், சிறு ஓட்டை, எண்ணெய்க் கறை, ஒரு சாயல் மாறிய நிறம், இவையெல்லாம் லேபிள் கத்தரிக்கப்பட்டு இங்கே வந்து உடுப்பாகின்றன. வேறு ஊராக இருந்தால் எரித்திருப்பார்கள். இதற்கு யாரும் விருது கொடுத்ததில்லை, கடைக்காரரும் கேட்டதில்லை.

கடைசி வேலை, கருத்தரங்கத்துக்கு டி-ஷர்ட். முன்னூறு பீஸ், முதுகில் பல்கலைக்கழகச் சின்னம், நெஞ்சில் ஓர் இலை. ஆர்டர் கொடுக்க அதே கடைக்குப் போகலாம், ஆளைத் தெரியுமே. நல்ல கரும்பச்சையாக வேண்டும் என்று சொல்லுங்கள்.

"கரும்பச்சைங்களா சார்? டார்க் கலருக்கு உப்பு ஜாஸ்தி புடிக்குமுங்க. சாயம் ஏத்தாத வெள்ளையே இருக்குதுங்க, அதுல போட்டுக்கலாமுங்களே?"

வெள்ளையில் அழுக்கு தெரியும் என்று சொல்லிவிடுங்கள்.