மெடிக்கல் அண்ணன் புகழ் பாடுவோம்

தெருமுனை மெடிக்கல் அண்ணனின் கைராசியைப் பாடாமல் இருக்க முடியுமா? அலர்ஜி டாக்டரிடம் போனால் பாட்டியின் ஆஸ்துமா முதல் வீட்டுப் பூனை வரை விசாரிக்கிறார். முன்கையில் சொட்டு வைத்து, ஊசியால் லேசாகக் குத்தி, தடிக்கிறதா பார்ப்போம் என்று கால்மணி நேரம் உட்கார வைக்கிறார். அண்ணனுக்கு அந்த இழுவையே ஆகாது. "தும்மலா, அரிப்பா?" பதில் வருவதற்குள் கத்தரிக்கோல் அட்டையை வெட்டிவிடும். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் மீதி அட்டையில் அவரிடமே பத்திரமாக இருக்கும். வாங்குகிறவருக்கு எதற்கு அந்தப் பாரம்?

பொட்டலத்தில் ஒரு குளோர்பெனிரமின், துணைக்கு ஒரு பொடி மாத்திரை. அது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்றெல்லாம் சொல்லி யாரையும் பயமுறுத்த மாட்டார், தங்கமான மனசு. மாதக்கணக்கில் விழுங்கினால் முகம் உப்பும். "சதை போட்டுட்டியே" என்று ஊரே மெச்சும். ரத்தச் சர்க்கரையும் ஏறும். திடீரென்று நிறுத்தினால் உடம்பு துவண்டுவிடும் என்பதால், வாடிக்கையாளர் கடையை மறப்பதே இல்லை. இந்த விசுவாசத்தை எந்த டாக்டர் சம்பாதித்தார்? போதாததற்குத் தூக்கம் வேறு இலவசம். காலையில் குளோர்பெனிரமின் போட்டுக்கொண்டு பைக் ஓட்டுகிறவருக்குச் சிக்னலிலேயே கண் சொக்கும்.

அண்ணனுக்குச் சளைக்காத இன்னொரு ஞானி, கஞ்சா பிடிக்கும் தம்பி. "மூலிகைண்ணே, சைடு எஃபெக்டே கிடையாது." எட்டிக்காயும் மரத்தில்தான் காய்க்கிறது என்று குறுக்கே பேசாதீர்கள். வீங்கிய மூச்சுக்குழாய்க்குப் புகையால் ஒத்தடம் தரும் கருணை யாருக்கு வரும்? கஞ்சாச் செடியே சிலருக்கு ஒவ்வாது. தொட்டால் தோல் தடிக்கும், மூக்கு ஒழுகும். தம்பி தும்மிவிட்டு நகராட்சிப் புழுதியைத்தான் திட்டுவார். அண்ணன் மாத்திரையும் தம்பி புகையும் ஒரே ராத்திரியில் சேர்ந்தால் மயக்கம் இரட்டிப்பு, நாக்கும் வறண்டுவிடும். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் தம்பிக்கு அரசு செலவிலேயே சாப்பாடும் படுக்கையும் தரக் காத்திருக்கிறது.

அண்ணனிடம் பாரபட்சமும் கிடையாது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாமலோ குளவி கொட்டியோ ஒருவர் தொண்டை அடைத்து, மூச்சு இரைத்து, தலைசுற்றி வந்து நின்றாலும் அதே பொட்டலம்தான். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. பொட்டலத்துக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.