பீட்ரூட் ஜாடியிலிருந்து வெம்ப்ளி வரை

கேள்வி: கீழ்நிலை லீக்குகளில் கிளப் கிளப்பாக மாறிக்கொண்டே இருக்கும் கால்பந்து முன்கள வீரருக்கு நாட்டுக்காக ஆடும் யோகம் வாய்க்குமா?

பதில்: இங்கிலாந்தின் ரிக்கி லாம்பர்ட்டுக்கு வாய்த்தது, 31 வயதில்! லிவர்பூலை அடுத்த கிர்க்பியில் 1982இல் பிறந்தவர். 15 வயதில் லிவர்பூல் கிளப் கைவிட்டது. பிளாக்பூலும் அனுப்பிவிட்டது. மேக்கிள்ஸ்ஃபீல்டில் சம்பளமில்லாமல் பயிற்சி எடுத்தபடியே, பீட்ரூட் ஆலையில் ஜாடிகளுக்கு மூடி போட்டுப் பிழைத்தார். பிறகு ஸ்டாக்போர்ட், ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ்.

கீழ்நிலை கிளப்புகளின் கையிருப்பு குறைவு. கோல் போடுபவருக்கு நல்ல விலை வந்தால் விற்றுவிடுவார்கள். அப்படித்தான் 2009இல் மூன்றாம் நிலைக்குச் சரிந்திருந்த சவுத்தாம்ப்டன், லாம்பர்ட்டை பிரிஸ்டல் ரோவர்ஸிடமிருந்து வாங்கியது. எடையைக் குறைக்கச் சொன்னார் மேலாளர் ஆலன் பார்ட்யூ. லாம்பர்ட் குறைத்தார், ஆட்டமே மாறியது. 2011, 2012 என அடுத்தடுத்து இரண்டு படி ஏறி அணி உச்ச நிலையான பிரீமியர் லீக்கை எட்டியது. அங்கே முதல் பருவத்திலேயே அவருக்கு 15 கோல்கள்! சவுத்தாம்ப்டனுக்காக அடித்த 34 பெனால்டிகளில் ஒன்றுகூடத் தவறவில்லை என்பது இன்னும் பெரிய வியப்பு.

2013 ஆகஸ்டில் வெம்ப்ளி மைதானத்தில் ஸ்காட்லாந்துக்கு எதிராக முதன்முறை இங்கிலாந்துக்காக மாற்று வீரராக இறங்கியவர், பந்தை முதன்முறை தொட்டதே தலையால். அதுவே வெற்றி கோல். 2014இல், கைவிட்ட லிவர்பூலே அவரை விலை கொடுத்து அழைத்துக்கொண்டது. அங்கே பெரும்பாலும் மாற்று வீரர்தான். வெஸ்ட் பிராம்விச், கார்டிஃப் அணிகளுக்கும் ஆடிவிட்டு 2017இல் ஓய்வு பெற்றார்.