பக்தியுள்ள பண்ணையார் ஆவது எப்படி?

வெர்ஜீனியா, மேரிலாந்து, கரோலினா, பார்படோஸ் வட்டாரத்துப் பண்ணையார்கள் பலர் ஒரே சங்கடத்தைச் சொல்லி வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிறனை நேசிக்க வேண்டியிருக்கிறது, திங்கட்கிழமை அதே பிறனைச் சந்தையில் விற்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் முகம் சுளிக்காமல் செய்ய எளிய செய்முறை இது. சுமார் இருநூறு ஆண்டுகள் பலர் கையாண்டு பார்த்தது.

தேவையான பொருட்கள்: பைபிள் ஒன்று. கூரான கத்தரிக்கோல் ஒன்று. மாட்டுத்தோல் சவுக்கு ஒன்று. வெளுத்த சட்டை ஒன்று. மனச்சாட்சி இருந்தால் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிடவும்.

1. ஞானஸ்நானத்துக்குப் பயப்படாதீர்கள்

அடிமைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் அவன் சகோதரன் ஆகிவிடுவானே, சகோதரனை விற்கலாமா என்று குழம்ப வேண்டாம். வெர்ஜீனியா சட்டசபை 1667இலேயே இதைத் தீர்த்துவிட்டது. ஞானஸ்நானம் பெற்றதால் எவனும் அடிமைத்தனத்திலிருந்து விடுபட மாட்டான் என்று சட்டம் போட்டார்கள். தண்ணீர் ஆத்மாவை நனைக்கும், விலங்கை நனைக்காது. இனி எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் தாராளமாகக் கொடுங்கள்.

2. வேதத்தைக் கத்தரியுங்கள்

முழுப் பைபிளை அடிமையிடம் கொடுப்பது ஆபத்து. அதில் யாத்திராகமம் இருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே 1807இல் லண்டனில் அச்சிட்ட பதிப்பைப் பாருங்கள். பைபிளில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். அதில் இருப்பவை 232. ஆதியாகமம் 45இலிருந்து ஒரே தாவலில் யாத்திராகமம் 19க்குப் போய்விடும். விற்கப்பட்ட யோசேப்பு போன இடத்தில் ஒழுங்காக உழைத்த கதை உண்டு. மோசே தன் ஜனங்களை எகிப்திலிருந்து கூட்டிக்கொண்டு கிளம்பிய கதை இல்லை. திருடாதே என்ற கட்டளை பத்திரமாக இருக்கிறது. ஆளையே திருடியவர்களுக்கும் அது பொருந்துமா என்று கேட்கும் வாசகன் இருக்க மாட்டான். அதற்கு அடுத்த படியைப் பாருங்கள்.

3. எழுத்தைப் பூட்டி வையுங்கள்

தெற்குக் கரோலினா 1740இலேயே அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவருக்கு 100 பவுண்டு அபராதம் விதித்தது. எழுதத் தெரிந்தவன் தனக்கே வழிச்சீட்டு எழுதிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவான். வடக்குக் கரோலினாவின் 1830ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் பக்குவமானது. கற்றுக்கொடுப்பவர் வெள்ளையர் என்றால் 100 டாலருக்குக் குறையாத அபராதம் அல்லது சிறை. அடிமை என்றால் 39 கசையடி. எண்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மூட்டையை எண்ண ஆள் வேண்டும் அல்லவா?

இங்கே ஒரு சின்ன இடறல் இருக்கிறது. கறுப்பருக்குப் படிப்பு ஏறவே ஏறாது, கடவுள் படைப்பே அப்படி என்று மேடைதோறும் சொல்லி வருகிறோம். படிப்பே ஏறாத பிறவிக்குப் படிப்புச் சொல்லித் தரக் கூடாதென்று எதற்குச் சட்டம்? மாடு எழுத்துக்கூட்டக் கூடாது என்று யாரும் சட்டம் போட்டதில்லையே என்று எவனாவது கேட்டால், பதில் சொல்ல முயல வேண்டாம். ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுங்கள்.

4. வீட்டு அம்மாவைக் கண்காணியுங்கள்

பால்டிமோரில் சோஃபியா ஆல்ட் என்ற அம்மா, மேரிலாந்துக் கிராமத்திலிருந்து வந்த அடிமைச் சிறுவன் ஃபிரெடரிக்குக்கு வெள்ளை மனத்தோடு அகரவரிசை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கணவர் ஹியூ அதைக் கண்டுபிடித்து நிறுத்தினார். படித்தவன் அடிமையாக இருக்க லாயக்கற்றுப் போவான் என்று காரணமும் சொன்னார். செய்த ஒரே தவறு, பையனின் காதுபட அதைச் சொன்னது. பூட்டு எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

5. வாய்ப்பாடமாகச் சொல்லுங்கள்

வேலைக்காரரே எசமானுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற பொருளில் வருவதை எபேசியரிலிருந்து எடுத்துத் திரும்பத் திரும்ப ஓதுங்கள். ஆனால் அளவு முக்கியம். 1833இல் ஜார்ஜியாவின் லிபர்ட்டி வட்டாரத்தில் சார்லஸ் கோல்காக் ஜோன்ஸ் என்ற போதகர், ஓடிப்போன ஒநேசிமுவைப் பவுல் எசமானிடமே திருப்பி அனுப்பியதை வைத்துப் பிரசங்கம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்த அடிமைகளில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். இதை எழுதி வைத்தவரும் அவரேதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுந்து நடக்கத் தெரியும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

6. ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசனம்

ஹியூவின் அண்ணன் தாமஸ் ஆல்டைப் பின்பற்றுங்கள். 1832 ஆகஸ்டில் மெதடிஸ்ட் எழுப்புதல் கூட்டத்தில் அவர் மனந்திரும்பினார். வீட்டில் காலையும் மாலையும் ஜெபம். வருகிற போதகர்களுக்கு வயிறு நிறைய விருந்து. சமையற்கட்டில் இருப்பவர்களுக்குப் பட்டினி. சிறு வயதில் நெருப்பில் விழுந்து கைகள் முடங்கிப்போன ஹென்னி என்ற பெண்ணை அவர் காலையில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தார். பிறகு கடைக்குப் போனார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர், கட்டவிழ்க்காமல் கிடந்தவளை அதே காயத்தின்மேல் மறுபடி அடித்தார். எசமானின் சித்தத்தை அறிந்தும் செய்யாதவனுக்கு அநேக அடி என்று வரும் லூக்கா வசனம் வாயில் இருந்தது. வேலைக்கு உதவாதவள் என்று கடைசியில் அவளைக் கைகழுவியும் விட்டார். அந்த ஊரில் சில அடிமைகள் ஓய்வுநாள் பள்ளியில் கூடிப் புதிய ஏற்பாடு வாசித்தபோது, சபைத் தலைவர்களே கம்போடு வந்து கலைத்தார்கள்.

அடங்காதவர்களை எட்வர்டு கோவியிடம் வாடகைக்கு அனுப்புங்கள். அடிமைகளின் முதுகை முறிப்பதில் பெயர் பெற்றவர். அந்தப் பக்கத்தில் அவரைப்போல் ஜெபிக்க ஆளில்லை. குரல் மட்டும் சரியில்லை. அதனால் குடும்ப ஜெபத்தில் பாட்டெடுத்துக் கொடுக்கும் வேலை, அவர் வாரம் தவறாமல் அடித்த அதே பால்டிமோர்ப் பையன் ஃபிரெடரிக்குடையது. அவன் சில நாள் வாயே திறக்க மாட்டான். கோவி தனியாகச் சுருதி தேடித் தடுமாறுவார்.

7. கல்லூரி கட்டுங்கள்

பாவம் கரைய இதைவிடப் புண்ணியம் இல்லை. கிறிஸ்டோபர் காட்ரிங்டன் கல்லூரி ஒன்று எழும்ப வேண்டுமென்று தம் பார்படோஸ் பண்ணைகளைச் சுவிசேஷம் பரப்பும் எஸ்.பி.ஜி. சங்கத்துக்கு எழுதி வைத்தார். பின்னாளில் கால்டுவெல் நம் இடையன்குடியில் ஊழியம் செய்தாரே, அதே சங்கம்தான். பண்ணை அடிமைகளின் மார்பில் 'சொசைட்டி', அதாவது சங்கம், என்று சூடு போடப்பட்டது. சுவிசேஷத்தைப் பரப்ப வந்தவர்கள் அவர்களுக்குக் கொடுத்த முதல் எழுத்து அது. அடிமைமுறை ஒழிந்தபோது இழப்பீடாக 8,823 பவுண்டு வந்தது. வாங்கிக்கொண்டது சங்கம்.

மேரிலாந்து இயேசு சபையார் 1838இல் 272 பேரை 1,15,000 டாலருக்கு லூயிசியானாவுக்கு விற்று, அதில் ஒரு பகுதியால் ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைத்தார்கள். குடும்பங்களைப் பிரிக்காதே, அந்தப் பணத்தில் கடனடைக்காதே என்று ரோமிலிருந்து நிபந்தனை வந்திருந்தது. நிபந்தனையைக் கோப்பில் வைத்தார்கள், பணத்தைப் பெட்டியில் வைத்தார்கள்.

சந்தேகங்களும் விளக்கங்களும்

கேள்வி: பையன் கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ரொட்டி எடுத்துப் போகிறான். ஏன்?

பதில்: தெருவில் பசித்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுக்க. ஒரு துண்டு ரொட்டிக்கு ஒரு பாடம்.

கேள்வி: கப்பல் பட்டறையில் மரத்துண்டுகளையே வெறித்துப் பார்க்கிறானே?

பதில்: கப்பலின் இடப்பக்கத்துக்கு 'எல்', வலப்பக்கத்துக்கு 'எஸ்' என்று தச்சர்கள் குறித்திருப்பதைப் படிக்கிறான். அப்புறம் தெருப்பிள்ளைகளிடம் அதை எழுதிக் காட்டி, எங்கே, இதைவிட எழுது பார்க்கலாம் என்று உசுப்பிவிட்டு மீதி எழுத்துகளையும் கறந்துவிடுவான்.

கேள்வி: தப்பியோடத் திட்டமிட்டவர்களைப் பிடித்துவிட்டோம். கள்ள வழிச்சீட்டைக் காணோமே?

பதில்: ஃபிரெடரிக் தன்னுடையதை நெருப்பில் போட்டுவிட்டான். கூட்டாளி ஒருவன் தன்னுடையதைப் பிஸ்கட்டோடு சேர்த்துத் தின்றுவிட்டான். 1838 செப்டம்பர் 3ஆம் தேதி ஃபிரெடரிக் மறுபடி புறப்படுவான். அப்போது பிடிக்க முடியாது. 1845இல் ஃபிரெடரிக் டக்ளஸ் என்ற பெயரில் புத்தகமும் போடுவான். அதில் உங்கள் பெயர் இருக்கும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கத்தரித்த பைபிளை வேலை முடிந்ததும் மறக்காமல் எரித்துவிடுங்கள். 1807 பதிப்பில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. அமெரிக்காவில் உள்ள பிரதி டென்னசி மாநிலம் நாஷ்வில் நகரில், ஃபிஸ்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1866இல் திறக்கப்பட்ட பள்ளி அது. எழுத்துப் படிக்க முதலில் வந்து சேர்ந்தவர்களின் வயது ஏழு முதல் எழுபது வரை.