வெளிச்சுவர் சர்வீஸ் வயர்: ஒரு புறத்திணை ஆராய்ச்சி

கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைக் குறித்தும் செட்டிநாட்டு வீட்டுத் தூண்களைக் குறித்தும் தொகுதி தொகுதியாக எழுதிக் குவித்த நம் ஆராய்ச்சிப் பெருமக்கள், தெருவோரத்து ஈபி கம்பத்திலிருந்து புறப்பட்டு, ஆகாய மார்க்கமாக வந்து, வீட்டின் வெளிச்சுவரைப் பற்றி, அதன்மீது ஏறியும் இறங்கியும் குறுக்கே பாய்ந்தும் ஈற்றில் மீட்டர் பெட்டிக்குள் பிரவேசிக்கும் அந்தக் கறுப்பு சர்வீஸ் வயரை ஏனோ ஏறிட்டும் பாராமல் விட்டுவிட்டார்கள். தாம்பரத்தில் இறங்கி, மேற்கே முடிச்சூர் சாலையிலாவது கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்துக் கிளைத் தெருக்களிலாவது அண்ணாந்து பார்த்தபடி அரை மணி நேரம் நடப்பவர் எவரும், வழியில் பள்ளத்தில் விழாதிருப்பாராயின், இவ்விஷயத்தின் விஸ்தாரத்தை உணராமல் வீடு திரும்ப இயலாது.

ஆராய்ச்சிக்கு ஒரு முறை வேண்டும். அதற்குத் தொல்காப்பியரே போதும். சுவரைச் செதுக்கிக் குழாய் புதைத்து, மேலே பூசி, வண்ணமும் தீட்டி மறைக்கப்படும் வயரிங் அகத்திணையின்பாற்படும். அதன் சுகதுக்கங்கள் வீட்டாருக்கும் ஒயர்மேனுக்கும் மட்டுமே தெரிந்தவை. சுவருக்கு வெளியே ஊரறியத் தொங்குவது புறத்திணை. புறத்திணை ஏழு என்றார் ஆசிரியர். அவற்றுள் முதலாவதாகிய வெட்சி, பிறர் ஆநிரையைக் கவர்ந்து வருவது. நம் காலத்தில் அது கம்பத்துக் கம்பியில் கொக்கி மாட்டிக் கரண்ட் கவர்வதாக வழங்குகிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆவது பிரிவு இதற்குச் சிறைவாசமும் விதிப்பதால், இத்திணையை விரித்துரைக்காமல் விடுகிறேன்.

நமக்கு முக்கியமானது உழிஞை. அதாவது அரண் முற்றுகை. இம்முற்றுகை தாம்பரத்தில் எவ்வாறு உற்பவித்தது என்பதைச் சற்றே சரித்திர திருஷ்டியோடு நோக்க வேண்டும். 1931இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, 1500 வோல்ட் நேர்மின்சாரம் பயணிகளின் தலைக்கு மேலே வந்து சேர்ந்தது. கம்பி எந்த உயரத்தில் போகவேண்டும், எதனின்று எவ்வளவு விலகவேண்டும் என்பதையெல்லாம் கணக்கிட்ட பின்னரே ரயில்வேயார் தூண் நட்டார்கள். ஆனால் தண்டவாளத்துக்கு இருபுறமும் வயலும் ஏரிக்கரையும் மனைகளாகி, மனைகள் மாடிகளாகி, 2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலான ஊர்களையும் சேர்த்துக்கொண்டு தாம்பரம் ஒரு மாநகராட்சியாகவே ஆகிவிட்ட இந்த நெடுங்காலத்தில், வீட்டுக்கு வரும் வயரைக் குறித்து அப்படிக் கணக்கிட்டவர் அரியர். மனை வாங்கி, வாஸ்து பார்த்து, முகப்பு எலிவேஷனுக்கென்றே தனி டைல்ஸ் பதித்து, கிரகப்பிரவேசத்துக்கு நாளும் குறித்த பிறகுதான், கரண்ட் எந்த வழியாக வரும் என்ற கேள்வி எழுகிறது. வரைபடத்தில் பூஜை அறைக்கு இடமுண்டு, செருப்பு அலமாரிக்கு இடமுண்டு. சர்வீஸ் வயருக்கு மட்டும் ஒரு கோடுகூடக் கிடையாது. இடம் கொடுக்கப்படாதவன் கோட்டையை முற்றுகையிடாமல் வேறென்ன செய்வான்? விலையுயர்ந்த டைல்ஸின் குறுக்கே, மேல் இடமூலையிலிருந்து கீழ் வலமூலைக்கு, ஆணியும் கிளாம்புமாக அவன் இழுத்த கோடு, வீடு உள்ளளவும் நிற்கிறது.

சாஸ்திரம் இல்லாமலில்லை. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 79ஆவது விதி, தாழ்ந்த மின்னழுத்தக் கம்பி மொட்டைமாடிக்கு மேலே செல்லுமாயின் 2.5 மீட்டர் உயரத்திலும், பக்கத்தே செல்லுமாயின் 1.2 மீட்டர் விலகியும் இருத்தல் வேண்டும் என்றது. அதனினும் நெருங்குமிடத்து, உறையிட்ட வயராக்கி, எர்த் செய்த வெறுங்கம்பி ஒன்றோடு கிளிப்புகளால் பிணைக்கவேண்டும். அத்தாங்குகம்பி 350 கிலோ இழுவைக்கு அறாததாக இருக்கவேண்டும். சில கிலோ எடைகூட இல்லாத வயருக்கு 350 கிலோ எதற்கு என்று மாணாக்கர் வினவலாம். புயலை உத்தேசித்தென்பது ஒரு சாரார் உரை. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலைக் கண்டவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். எனினும், எங்கள் தெருவின் மொட்டைமாடிகளில் அந்த ஜி.ஐ. கம்பியின் மீது ஞாயிற்றுக்கிழமைதோறும் காயும் ஈரப் போர்வைகளைக் காணுந்தோறும், விதி செய்தவர் தீர்க்கதரிசி என்றே எனக்குத் தோன்றுகிறது. எர்த் என்ற சொல்லை மட்டும் பெரும்பாலோர் படிக்காமல் தாண்டிவிட்டபடியால், இவ்வழக்கம் மிக அபாயகரமானது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முற்றுகை உண்டெனில் காவலும் உண்டு. பிற்காலத்து ஐயனாரிதனார் புறப்பொருள் வெண்பாமாலையில் நொச்சியைத் தனித் திணையாகப் பிரித்ததன் நியாயம், “அண்ணே, அந்த ஆணிய எங்க செவுத்துல அடிக்காதீங்க, போன வருஷம்தான் பெயின்ட் அடிச்சோம்” என்று பக்கத்து வீட்டு அம்மாள் ஏணிமேல் நிற்கும் ஒயர்மேனைப் பார்த்துக் கூறும்போது ஐயந்திரிபற விளங்கும். “ஒரே ஒரு ஆணிம்மா” என்பது உழிஞையாரின் மரபான விடை.

காஞ்சி நிலையாமை உணர்த்துவது. தென்மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்கும் வயரின் பிவிசி உறை நாளடைவில் விறைத்து, வெளிறி, வெடிக்கிறது. கரிப்பொடி கலந்த கறுப்பு உறை ஒப்பு நோக்க நீண்டநாள் தாக்குப்பிடிக்கும். அதனினும் வேகமாக அழிவது, கம்பத்திலிருந்து வரும் அலுமினியமும் வீட்டிலிருந்து வரும் செம்பும் முறுக்கிச் சேர்க்கப்பட்டு டேப் சுற்றப்பட்ட மூட்டு. ஈரம் புகுந்தால் அவ்விரு உலோகங்களும் ஒன்றையொன்று சகிப்பதில்லை. அலுமினியம் அரித்து, மூட்டு சூடேறி, ஒருநாள் இரவு வீட்டில் விளக்கு மினுக்கத் தொடங்கும். பாடாண் திணைக்கோ உதாரணம் தேடவேண்டியதில்லை: 2016இல் இரு மாதங்களுக்கொருமுறை 100 யூனிட் இலவசமாகப் பெறத் தொடங்கிய வீடுகள் கொடைச் சிறப்பைப் பாடிக்கொண்டிருக்கின்றன.

மழைநீரைப் பற்றிய பகுதியைக் கடைசிக்கு வைத்தேன்; அதுவே இவ்வாராய்ச்சியின் பயன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது நீர் கீழிருந்து மீட்டருக்கு ஏறியது. மற்றெல்லா வருஷங்களிலும் அது மேலிருந்து வயர் வழியே இறங்குகிறது. கம்பத்திலிருந்து சரிந்து வரும் வயரின் அடிப்புறத்தில் ஒவ்வொரு துளியாக உருண்டு வரும் நீர், மீட்டர் பெட்டிக்கு வயரை இட்டுச்செல்லும் குழாயின் வாய் வானத்தைப் பார்த்திருக்குமாயின் நேரே பீஸ் கேரியர் வரைக்கும் போய்ச் சேரும். ஒரு வளைவைப் போட்டு வாயைக் கீழ்நோக்கித் திருப்பி, அதற்குள் நுழையுமுன் வயரை ஒரு சாண் அளவு தொங்கவிட்டு மேலேற்றினால், துளி அத்தொங்கலின் அடியிலேயே நின்று, கனத்து, தரையில் சொட்டிவிடும். வளைவின் விலை மிகச் சொற்பம்.

ஐப்பசி அடைமழைக்கு முன்னர் அன்பர்கள் வாசலுக்கு வந்து தத்தம் சுவரை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்களாக. குழாயின் வாய் மேல்நோக்கி இருக்குமாயின், ஏணியில் தாமே ஏறாமல், ஒயர்மேனுக்குச் சொல்லியனுப்புங்கள். கம்பத்தில் இணைப்பைத் துண்டித்த பிறகே அவர் கைவைக்க வேண்டும்.