காலி மேசைச் சீட்டு: திணையும் துறையும்

2022 ஏப்ரலில் லண்டன் வைட்ஹால் அலுவலக மேசைகளில் கண்டெடுக்கப்பட்ட மூன்று வரிச் சீட்டுக்கு இன்றுவரை முறையான உரை கிடையாது. அந்தப் பெருங்குறையைப் போக்க முயல்கிறது இக்கட்டுரை.

முதலில் ஆசிரியர் வரலாறு. பெயர் ஜேக்கப் ரீஸ்-மாக். 2019 செப்டம்பரில், பிரெக்ஸிட் விவாதம் சூடாக நடந்தபோது, நாடாளுமன்றத்தின் முன்வரிசை இருக்கையில் கால் நீட்டிச் சாய்ந்து கிடந்தவர் என்று உலகப் பத்திரிகைகள் படம் போட்டன. இருக்கையில் இருப்பது பற்றி எழுத இதைவிடத் தகுதி வேண்டுமா? 2022 பிப்ரவரி 8 அன்று பிரதமர் போரிஸ் ஜான்சன் இவருக்கென்று ஒரு புதுப் பதவியை உண்டாக்கினார்: பிரெக்ஸிட் வாய்ப்புகளுக்கும் அரசின் செயல்திறனுக்குமான அமைச்சர். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்ததில் என்ன ஆதாயம் என்று தேடுவது பாதி வேலை. ஒழிக்கத்தக்க ஐரோப்பிய விதிகள் கண்ணில் பட்டால் எழுதியனுப்பும்படி ‘தி சன்’ நாளிதழ் வாசகர்களையே அவர் கேட்டுக்கொண்டார். அரசு இயந்திரத்துக்கு எண்ணெய் போடுவது மீதிப் பாதி. சீட்டு பிறந்தது அதில்தான்.

கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்துப் பழகிவிட்ட ஊழியர்களைத் தேடி அமைச்சர் நேரில் போனார். ஆளில்லாத மேசைகளில், அரசு முத்திரையிட்ட தாளில் அச்சடித்த சீட்டை வைத்துவிட்டு வந்தார். பொழிப்புரை வருமாறு: நான் வந்தபோது நீங்கள் இல்லாமற்போனதற்கு வருத்தம், மிக விரைவில் உங்களை அலுவலகத்தில் காண ஆவல், நல்வாழ்த்துகள்.

இது எந்தத் திணை? பிரிவு பேசப்படுவதால் பாலை என்று தோன்றும். ஆனால் பாலையில் பிரிபவர் பொருள் தேடிக் காடு கடந்து போவார். இங்கே பிரிந்தவருக்கு வீட்டிலிருந்தபடியே பொருள் வந்துகொண்டிருக்கிறது. காத்திருப்பு இருப்பதால் முல்லை எனலாமா? முல்லையில் வீட்டில் இருப்பவர் காத்திருக்க, பாசறைக்குப் போனவர் திரும்ப வேண்டும். இங்கே பாசறை காத்திருக்கிறது. வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. ஆகவே இதைத் தலைகீழ் முல்லை என்று கொள்வதே பொருத்தம். துறை: வாரா ஊழியரை நினைந்து அமைச்சர் நாற்காலிக்கு உரைத்தது.

கருப்பொருளில் ஒரு சிக்கல் உண்டு. எந்தத் துறையில் எத்தனை பேர் அலுவலகம் வருகிறார்கள் என்று ஒரு பட்டியலையும் அமைச்சர் சக அமைச்சர்களுக்கு அனுப்பியிருந்தார். பன்னாட்டு வர்த்தகத் துறைக்கு 73 சதவீதம். கடைசி இடம் பிடித்த கல்வித் துறைக்கு 25. கல்வித் துறை ஊழியர்கள் பணிந்து திரும்பினார்கள். வந்து பார்த்தால் ஆட்களைவிட மேசைகள் மிகக் குறைவு. இடமில்லாதவர்கள் நடைவழியிலும் சிற்றுண்டிக் கூடத்திலும் உட்கார்ந்து வேலை பார்த்ததாகச் செய்தி வந்தது. மேசையே இல்லாதவருக்குச் சீட்டை எங்கே வைப்பது என்பதற்கு மூலத்தில் விடையில்லை.

அடுத்தது இடைச்செருகல் ஐயம். இந்த ஆசிரியர் 2019 ஜூலையில் தம் அலுவலகத்துக்கு ஒரு நடைக்கையேடு வழங்கியவர். அதில் விலக்கப்பட்ட சொற்களுள் ஒன்று ‘வெரி’. நம் சால, நனி போன்ற உரிச்சொற்களின் ஆங்கிலத் தம்பி. ஆனால் சீட்டின் இரண்டாம் வரியில் ‘மிக விரைவில்’ என்ற இடத்தில் அதே ‘வெரி’ துணிச்சலாக உட்கார்ந்திருக்கிறது. விலக்கியவரே எழுதுவாரா? எழுதினார் என்றால் விதி ஊழியருக்கு மட்டும் என்று கொள்ள வேண்டும். இந்த முடிவு சீட்டின் பொருளோடும் ஒத்துப்போகிறது.

காலத்திலும் கருத்து வேறுபாடு இருக்கிறது. சக அமைச்சர் நடீன் டோரிஸ், இந்த அணுகுமுறை டிக்கன்ஸ் காலத்தது என்றார். அளவை முறையும் அவர் பக்கமே சாய்கிறது. ஏனெனில் நடைக்கையேடு மெட்ரிக்கை விட்டு அங்குலம், பவுண்டு என்றே எழுதச் சொல்கிறது. 2022 ஜூனில் அரசு நாட்டையே அந்த வழிக்கு அழைத்துக் கருத்துக் கேட்டது. கேள்வித்தாளில் ‘மெட்ரிக் மட்டும் போதும்’ என்று குறியிட இடமே விடவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் எழுதினார்கள். அவர்களில் 98.7 சதவீதத்தினர் எப்படியோ மெட்ரிக்கின் பக்கமே நின்றார்கள்.

சீட்டோடு முரண்படும் இன்னொரு ஆவணம், 91,000 அரசுப் பணியிடங்களைக் குறைக்கும் திட்டம். ஏப்ரலில் நாற்காலிகள் நிரம்ப வேண்டும். மே மாதத்தில் 91,000 நாற்காலிகள் காலியாக வேண்டும். உரையாசிரியர்கள் இதற்கு அமைதி கூற முயல்வதற்குள், ரிஷி சுனக் வந்து நவம்பரில் அந்த இலக்கைக் கைவிட்டார்.

பதவி வாழ்ந்தது 210 நாள். செப்டம்பர் 6 அன்று லிஸ் டிரஸ் பிரதமரானதும் ரீஸ்-மாக் வணிகத் துறைக்குப் போனார். செயல்திறன் நாற்காலியில் வேறு யாரும் அமர்த்தப்படவில்லை. ஏழு வாரத்தில் வணிகத் துறையும் கைநழுவியது. அந்த விலகல் கடிதத்தை அவர் கையாலேயே எழுதினார். தேதி இருக்க வேண்டிய இடத்தில் ‘புனித கிரிஸ்பின் திருநாள்’ என்று காணப்படுகிறது. அது அக்டோபர் 25 என்று அறியத் திருச்சபை நாட்காட்டியைப் புரட்ட வேண்டியிருந்தது.